விலைபோகாத குதிரைக்கு என்ன வழி? விற்பது முதல் ஊசி வரை ஓர் ஒப்பீடு

சிங்கப்பூரின் கிராஞ்சித் திடலில் கடைசிக் குதிரைப் பந்தயம் 2024 அக்டோபர் 5-ஆம் தேதி ஓடி முடிந்தது. 1842-இல் தொடங்கிய நம் பந்தய மன்றத்தின் கதை அதோடு சரி. மூடப்போகிறோம் என்று 2023 ஜூனில் அறிவித்தபோது அங்கே ஏறத்தாழ 700 குதிரைகள் இருந்தன. கோப்பை வாங்கிய குதிரைக்கு எந்த ஊரிலும் இடம் கிடைத்துவிடும். மற்றவற்றை வைத்திருந்தவர்கள்தான் கையைப் பிசைந்துகொண்டு நின்றார்கள்.

அந்தக் கேள்வி பந்தயத் திடலோடு போய்விடவில்லை. ஜோகூரிலோ ஆஸ்திரேலியாவிலோ ஒரு குதிரையில் பங்கு வைத்திருப்பவர்கள் கேட்கிறார்கள். மகளுக்காகக் குதிரை வாங்கிவிட்டு, அவள் பல்கலைக்கழகம் போன பிறகு முழிக்கும் பெற்றோர் கேட்கிறார்கள். "சும்மா தர்றாங்கண்ணே, எடுக்கலாமா?" என்று எதிர்ப்பக்கத்திலிருந்தும் கேட்கிறார்கள். எல்லோருக்கும் சிக்கல் ஒன்றுதான்: குதிரைக்குச் சந்தையில் விலை இல்லை, ஆனால் வாயும் வயிறும் இருக்கின்றன.

யானை இருந்தாலும் ஆயிரம் பொன், இறந்தாலும் ஆயிரம் பொன் என்பார்கள். குதிரைக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. சிங்கப்பூரில் ஓடியவற்றில் பெரும்பாலானவை ஆஸ்திரேலியாவிலிருந்தும் நியூசிலாந்திலிருந்தும் வந்த, காயடித்த ஆண் குதிரைகள். இனவிருத்திக்கு உதவாது. ஓட்டம் நின்ற அன்றே விலையும் நின்றுவிடும். போதாக்குறைக்கு இந்த வட்டாரத்தில் பந்தயமே சுருங்கிவிட்டது. சீனாவின் மக்காவ் நகரில் 2024 ஏப்ரலில் மூடினார்கள், அடுத்து நாம், 2025-இல் பினாங்கு. வாங்குகிறவர் குறைந்து விற்கிறவர் கூடினால் விலை என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை.

## எதை வைத்து முடிவு செய்வது

பாசம், குற்ற உணர்ச்சி, பணம் மூன்றையும் கலந்து குழப்பிக்கொள்வதற்கு முன், கீழே உள்ளவற்றை ஒரு தாளில் எழுதிவிடுங்கள்.

உடம்பு. கால் தேறுமா, தேறாதா? இதை நீங்களே பார்த்துச் சொல்ல முடியாது. மருத்துவர் குதிரையைக் கெட்டித் தரையில் நேராக ஓடவிட்டுத் தலையைக் கவனிப்பார். முன்னங்காலில் வலி இருந்தால், அந்தக் கால் தரையில் படும்போது தலை மேலே எழும்பும். நல்ல கால் படும்போது தாழும். பிறகு மூட்டை மடக்கிப் பிடித்து, விட்டவுடன் மறுபடி ஓடவிடுவார். படம் எடுப்பதெல்லாம் அதற்குப் பிறகு. அந்த அறிக்கை கையில் இல்லாமல் எந்த முடிவும் எடுக்காதீர்கள்.

வருஷக் கணக்கு. பந்தயக் குதிரை ஏழெட்டு வயதில் ஓய்வு பெறும். நல்லபடி வளர்த்தால் 25 வயதைத் தாண்டும். அதாவது, சம்பாதித்த காலத்தைப் போல மூன்று மடங்குக் காலம் உட்கார்ந்து சாப்பிடும். 500 கிலோ குதிரைக்கு ஒரு நாளைக்கு 8 முதல் 10 கிலோ உலர்புல் வேண்டும். இங்கே அது கப்பலில்தான் வருகிறது. குளம்பைச் சீவ ஆறு வாரத்துக்கு ஒருமுறை லாடக்காரர் வர வேண்டும். வருஷத்துக்கு ஒருமுறையாவது பல்லைத் தேய்க்க வேண்டும். இவற்றோடு தடுப்பூசி, குடற்புழு மருந்து. சிங்கப்பூரில் லாய வாடகையோடு சேர்த்தால் மாதம் ஆயிரம் வெள்ளி எளிதாகத் தாண்டிவிடும்.

யார் கையில் போகிறது. அடுத்த உரிமையாளரின் பெயர் தெரிந்தால் போதாது. அவருக்கு அடுத்தவர் யார் என்று உங்களுக்குத் தெரியவருமா? என் பார்வையில் மற்ற எல்லாவற்றையும்விடக் கனமான கேள்வி இதுதான்.

பயணம், மருந்து. எத்தனை மணி நேரம் லாரியில் அல்லது விமானத்தில் நிற்க வேண்டும், இதுவரை என்னென்ன மருந்து போயிருக்கிறது என்பவை. மருந்துக் கணக்கு ஏன் என்று பிறகு புரியும்.

அவசரத்தில் இருப்பவர்களுக்கு ஒரு பட்டியல்:

| வழி | கைச்செலவு | மறைந்திருக்கும் செலவு | யார் கையில் என்று தெரியுமா | யாருக்குப் பொருந்தும் |
|---|---|---|---|---|
| பந்தயத்துக்கு விற்பது | குறைவு | தனிமைக்காப்பு, விமானம் | ஓரிரு கை வரை | இளம் குதிரை, நல்ல கால் |
| சவாரிக்குக் கொடுப்பது | நடுத்தரம் | பழக்கும் மாதங்கள் | ஒப்பந்தம் இருந்தால் | சாதுவான குணம் |
| ஓய்வுப் பண்ணை | நீண்ட காலம் | முதுமை மருத்துவம் | ஆம் | பணமும் பொறுமையும் உள்ளவர் |
| மருத்துவர் ஊசி | ஒருமுறை | உடலை அகற்றுவது | ஆம், கடைசி வரை | தீராத வலி, ஆபத்தான குணம் |
| இறைச்சிக்கு | இல்லை, சிறு வரவு | நெடும்பயணம், மருந்து எச்சம் | இல்லை | கீழே படியுங்கள் |

## ஒன்று: வேறு திடலுக்கு விற்பது

நாலைந்து வயது, கால் நன்றாக இருக்கிறது, ஓட்டத்தில் மட்டும் சுமார் என்றால் இதைத்தான் முதலில் பார்க்க வேண்டும். கோலாலம்பூர் சுங்கை பீசியிலும் ஈப்போவிலும் பந்தயம் உண்டு. பாலத்தைக் கடந்தால் லாரியிலேயே போய்விடும்.

ஆஸ்திரேலியாவுக்குத் திருப்பி அனுப்பலாம் என்று பலர் நினைக்கிறார்கள். சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் கதைதான். 2007-இல் வெளிநாட்டுக் குதிரைகளோடு வந்த குதிரைக் காய்ச்சல் நியூ சவுத் வேல்ஸையும் குவீன்ஸ்லாந்தையும் புரட்டிப் போட்டது. அதிலிருந்து அங்கே கெடுபிடி அதிகம். மெல்பர்னுக்கு அருகே மிக்கிள்ஹாம் தனிமைக்காப்பு நிலையத்தில் குறைந்தது 14 நாள் நிற்க வேண்டும். நம் பக்கத்திலும் 2020-இல் தாய்லாந்தில் ஆப்பிரிக்கக் குதிரை நோய் பரவி நூற்றுக்கணக்கில் செத்தன. அப்போதிருந்து எந்த நாடு எந்த நாட்டிலிருந்து குதிரையை ஏற்கும் என்பதை ஒவ்வொரு முறையும் புதிதாகக் கேட்டுத் தெரிந்துகொள்ள வேண்டியிருக்கிறது.

விற்பதில் உள்ள ஆபத்து முதல் கையில் இல்லை, மூன்றாவது கையில் இருக்கிறது. 1986-இல் கென்டக்கி டெர்பி என்ற பெரும் பந்தயத்தை வென்ற ஃபெர்டினாண்ட் என்ற குதிரையின் கதையைப் பாருங்கள். மறு வருஷம் அமெரிக்காவின் ஆண்டின் சிறந்த குதிரை அதுதான். இனவிருத்திக்காக ஜப்பானுக்கு விற்றார்கள். அங்கே எதிர்பார்த்தபடி நடக்கவில்லை. கை மாறி, கை மாறி, 2002 வாக்கில் கசாப்புக்குப் போய்விட்டது. பழைய உரிமையாளர்களுக்கு விஷயம் தெரியவந்தபோது எல்லாம் முடிந்திருந்தது. டெர்பி வென்ற குதிரைக்கே அந்த கதி என்றால், கிராஞ்சியில் நான்காம் வகுப்பில் ஓடியதற்கு யார் பொறுப்பு?

அதற்குப் பிறகு சில அமெரிக்க உரிமையாளர்கள் விற்பனைக் கடிதத்தில் ஒரு வரி சேர்க்கத் தொடங்கினார்கள்: இந்தக் குதிரை இனி வேண்டாம் என்றால் முதலில் எங்களிடம் கேளுங்கள், நாங்களே திருப்பி வாங்கிக்கொள்கிறோம். நீங்களும் அந்த வரியைச் சேருங்கள். நாடு விட்டு நாடு போனால் அதைக் கோர்ட்டில் நிலைநாட்டுவது கஷ்டம்தான். ஆனாலும் நல்ல மனசுள்ள வாங்குநருக்கு உங்கள் தொலைபேசி எண்ணாவது கையில் இருக்கும்.

## இரண்டு: சவாரிக்குப் பழக்கிக் கொடுப்பது

சிங்கப்பூருக்கு இது புதிதல்ல. 1951-இல் தொடங்கிய புக்கிட் தீமா சேடல் கிளப்பின் அடிப்படை நோக்கமே ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகளைச் சவாரிக்குப் பழக்குவதுதான். சாதுவான குதிரை என்றால் சிறப்புத் தேவையுள்ள பிள்ளைகளுக்கும் முதியவர்களுக்குமான பயிற்சிகளுக்குக்கூட உதவும்.

ஆனால் பந்தயக் குதிரைக்குத் தெரிந்தது ஒரே பாடம்: வாயில் பிடி இறுகினால் வேகமாக ஓடு. நிற்கச் சொல்லிக் கடிவாளத்தை இழுத்தால் அது பாய்ந்துவிடும். இதை மறக்கவைக்கப் பல மாதங்கள் ஆகும். அதுவரை தீனிச் செலவு யாருடையது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்; பாதி மனக்கசப்பு அங்கேதான் தொடங்குகிறது.

நம் வெக்கையும் ஒரு விஷயம். குளிர் நாட்டிலிருந்து வந்த சில குதிரைகளுக்கு இங்கே வியர்ப்பதே நின்றுபோகும். உடம்பு காய்ந்து, மூக்கு விடைத்து, நின்ற இடத்திலேயே மூச்சு வாங்கும். அப்படிப்பட்ட குதிரையைப் பகல் சவாரிக்குக் கொடுப்பது கொடுமை.

இலவசமாகக் கொடுக்கிறேன் என்பவர்களுக்கும் வாங்குகிறேன் என்பவர்களுக்கும் ஒன்று. தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்கக் கூடாது என்பார்கள். குதிரை விஷயத்தில் கட்டாயம் பாருங்கள். வயது பல்லில்தான் தெரியும். கொடுப்பவர்களுக்கு என் யோசனை, இலவசமாகக் கொடுப்பதைவிட இரவலாகக் கொடுங்கள். உரிமை உங்கள் பெயரில் இருக்கட்டும், செலவு அவருடையதாக இருக்கட்டும். சும்மா வந்த குதிரையை ஆறு மாதத்தில் இன்னொருவருக்கு விற்றுக் காசு பார்ப்பது எல்லா நாட்டிலும் நடக்கிறது.

## மூன்று: ஓய்வுப் பண்ணை

மனசுக்கு நிம்மதியான வழி. பர்சுக்கு நீளமான வழி. ஜோகூர்ப் பக்கம் இடமும் ஆளும் மலிவு, போய்ப் பார்த்துவிட்டும் வரலாம். பண்ணையைத் தேர்ந்தெடுக்கும்போது இரண்டே விஷயம் பாருங்கள். வேறு குதிரைகள் கூட இருக்கின்றனவா? குதிரை கூட்டத்தோடு வாழும் பிராணி. தனியாகக் கட்டிப்போட்டால் நொந்துவிடும். அடுத்து, நள்ளிரவில் வயிற்றுவலி வந்து உருளும்போது, வந்து பார்க்கக்கூடிய மருத்துவர் எவ்வளவு தூரத்தில் இருக்கிறார்?

மாதம் ஆயிரம் வெள்ளி என்றே வைத்துக்கொள்வோம், 15 வருஷத்தில் 1,80,000 வெள்ளி. பாலத்துக்கு அந்தப் பக்கம் பாதியானாலும் 90,000. பங்குதாரர்கள் பத்துப் பேர் இருந்தால் முதல் வருஷம் பத்துப் பேரும் கட்டுவார்கள். நாலாவது வருஷம் எத்தனை பேர் மிஞ்சுகிறார்கள் என்பதுதான் கேள்வி. மிஞ்சுகிறவர் நீங்கள் ஒருவர்தான் என்று வைத்துக் கணக்குப் போடுங்கள்; அப்போதும் முடியும் என்றால் தாராளமாகச் செய்யுங்கள்.

## நான்கு: மருத்துவர் ஊசி

இதைப் பேச யாருக்கும் பிடிக்காது. அதனாலேயே கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன்.

முதலில் மயக்கம் தருவார்கள். குதிரை தலையைத் தொங்கப்போட்டு நிற்கும். பிறகு கழுத்து நரம்பில் பெண்டோபார்பிட்டல் என்ற, உயிரை முடிக்கும் மருந்து ஏறும். ஒரு நிமிடத்துக்குள் விழுந்துவிடும். 500 கிலோ விழுகிறது, சத்தம் பலமாகக் கேட்கும். அருகில் நிற்க முடியாது, கூடாது. விழுந்த பிறகும் தசை துடிக்கலாம், ஓரிரு பெருமூச்சு வரலாம், கண் திறந்தே இருக்கும். மருத்துவர் கண்மணியை விரலால் தொட்டுப் பார்த்து, இமை அசையவில்லை என்றால் முடிந்தது என்பார். இது தெரியாமல் பக்கத்தில் நிற்பவர்கள், வலியில் துடிக்கிறது என்று நினைத்துப் பல நாள் தூங்காமல் இருக்கிறார்கள். துடிப்பது வெறும் தசைதான்.

மறைவான செலவு உடலை அகற்றுவது. லாரி, ஆள், போய்ச் சேரும் இடம் எல்லாம் முன்கூட்டியே பேசியிருக்க வேண்டும். மருந்து உடலிலேயே தங்கிவிடும் என்பதால் வேறு விலங்குக்கு இரையாகவும் ஆக்க முடியாது. காப்பீடு எடுத்திருந்தால், அவசர நிலை தவிர்த்து, ஊசிக்கு முன்பே அவர்களுக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால் பணம் வராமல் போகலாம்.

"உயிரோடு இருப்பதைக் கொல்வதா, யாராவது எடுத்துக்கொண்டு போகட்டுமே" என்பவர்களோடு நான் ஒத்துப்போவதில்லை. மணப்பாறைச் சந்தையில் கிழட்டுக் காளையை வியாபாரியிடம் பிடித்துக் கொடுத்துவிட்டு, "யாரோ சம்சாரி ஓட்டிக்கிட்டுப் போனாரு" என்று வீட்டில் சொல்வோமே, அதே சமாதானம்தான் இது. அடிமாட்டு விலைக்கு வாங்குகிறவர் அடிமாட்டுக்குத்தான் வாங்குகிறார். முன்பின் தெரியாத கைக்கு நொண்டிக் குதிரையை விற்பதைவிட, தெரிந்த குதிரைக்காரர் கடிவாளத்தைப் பிடித்திருக்க, பழகிய லாயத்தில் முடிவது எவ்வளவோ மேல். நல்ல ஆரோக்கியமான குதிரைக்கு, வெறும் வசதிக்காக இதைச் செய்வது வேறு. பெரும்பாலான மருத்துவர்கள் அதற்கு முன் நாலு கேள்வி கேட்பார்கள், கேட்கவும் வேண்டும்.

## ஐந்து: இறைச்சிக்கு

இங்கே எல்லோருக்கும் முதலில் முகம்தான் சுளிக்கும். அய்யனார் முன்னால் நிற்கும் பிராணியைத் தின்பதா என்பார் ஒருவர். ஆனால் ஜப்பானில் குமமோட்டோ பக்கம் பச்சையாகவே உண்கிறார்கள், கஜக்கஸ்தானில் விருந்துச் சாப்பாடு, யோக்யகர்த்தாவில் சத்தே. இஸ்லாமியச் சட்டப் பிரிவுகளில் ஷாஃபி மத்ஹபில் அனுமதி உண்டு, ஹனஃபியில் வெறுக்கத்தக்கது என்பார்கள். ஆக, அருவருப்பு அவரவர் வளர்ப்பைப் பொறுத்தது. ஆட்டுக்கறி சாப்பிடும் நான் அருவருப்பை ஒரு வாதமாக வைக்க முடியாது. என் ஆட்சேபம் வேறு இரண்டு.

முதலாவது, மருந்து. பந்தயக் குதிரைக்குக் கால்வலிக்குச் சாதாரணமாகக் கொடுப்பது பினைல்பியூட்டசோன். லாயத்தில் 'பியூட்' என்பார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் அது போட்ட குதிரையை வாழ்நாள் முழுக்க உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது. குதிரையின் பாஸ்போர்ட்டிலேயே குறித்துவிடுவார்கள். 2013-இல் மாட்டிறைச்சி என்று விற்ற லசான்யா என்ற இத்தாலிய உணவில் குதிரை இறைச்சி கலந்தது தெரிந்து ஐரோப்பாவே அல்லோலகல்லோலப்பட்டதற்கு இந்தப் பயமும் ஒரு காரணம். மெக்சிகோவிலிருந்து வந்த குதிரை இறைச்சியை 2014 டிசம்பரில் ஒன்றியம் தடை செய்தது. எந்தக் குதிரைக்கு என்ன மருந்து போயிருந்தது என்று காட்ட அவர்களால் முடியவில்லை. பிரிட்டனில் 2022 முதல், உணவுக்கு இல்லை என்று பதிவு செய்த குதிரைதான் பந்தயத்தில் ஓட முடியும். இந்த நிலையில், உங்கள் குதிரையின் மருந்துச் சீட்டைப் பார்த்தால் இந்த வழி அநேகமாக அங்கேயே அடைபட்டுவிடும்.

இரண்டாவது, பயணம். இதில் அமெரிக்கா படித்த பாடம் கசப்பானது. அங்கே கடைசிக் குதிரைக் கசாப்புக்கூடங்கள் 2007-இல் மூடப்பட்டன, எல்லோரும் மகிழ்ந்தார்கள். 2011-இல் அரசாங்கத்தின் கணக்குத் தணிக்கை அலுவலகம் எண்ணிப் பார்த்தது. 2010-இல் மட்டும் கனடாவுக்கும் மெக்சிகோவுக்கும் கசாப்புக்குப் போன குதிரைகள் ஏறத்தாழ 1,38,000. மூடுவதற்கு முன் கொன்ற அளவுதான். குதிரை பிழைக்கவில்லை, லாரியில் கூடுதல் தூரம் நின்றது. இறக்காமல் 28 மணி நேரம் வரை தண்ணீர், தீனி இல்லாமல் ஓட்டலாம் என்பது சட்டம். மலிவான குதிரைகளின் விலை இன்னும் விழுந்தது. கைவிடப்பட்டவையும் கூடின என்று பல மாநிலங்கள் சொல்லின.

ஆஸ்திரேலியாவில் 2019 அக்டோபரில் ஏபிசி தொலைக்காட்சி, ஓய்வுபெற்ற பந்தயக் குதிரைகள் கசாப்புக்கூடத்தில் படும் பாட்டைக் காட்டியது. மறுவாழ்வுத் திட்டம் என்று எல்லோரும் பேசிக்கொண்டிருந்த காலத்தில்தான் அதுவும் நடந்துகொண்டிருந்தது.

சின்னத் தீவில் இருக்கும் நமக்கு ஒரு சௌகரியம்: எதுவும் கண்ணில் படாது. குதிரை பாலத்தைக் கடக்கும், விமானம் ஏறும், அப்புறம் அது வேறு ஊர்ச் செய்தி. அந்தச் சௌகரியத்தை நம்பித்தான் பலர் "ஏஜென்ட் பார்த்துக்குவார்" என்று கையெழுத்துப் போடுகிறார்கள். ஏஜென்டிடம் எந்த ஊர், எந்த லாயம், யார் பெயரில் மைக்ரோசிப் பதிவு மாறும் என்று கேளுங்கள். பதில் இழுத்தால் கையெழுத்து வேண்டாம்.

தீவனப் பஞ்சம், மருத்துவரே கிடைக்காத ஊர், மருந்து படாத நாட்டுக் குதிரை என்றால் அருகிலேயே முறையாக நடக்கும் கசாப்பு, பட்டினி போட்டுச் சாகவிடுவதைவிட மேல்தான். மங்கோலிய மேய்ப்பருக்கு அது சரியான கணக்கு. புக்கிட் தீமாவில் லாயம் வைத்திருப்பவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

## எந்த நிலைமைக்கு எது

நாலைந்து வயது, காலும் மூச்சும் சரி: மலேசியத் திடல், திருப்பி வாங்கும் வரியோடு. வியர்வை நின்ற குதிரை என்றால் செலவானாலும் குளிர் நாடு.

பத்து வயது, சாது, லேசான பழைய காயம்: இரவல் ஒப்பந்தத்தில் சவாரிப் பள்ளி. திரும்பி வந்தால் வைத்துக்கொள்ள இடம் இருக்கிறதா என்பதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். பல பேர் இதை மறந்துவிடுகிறார்கள்.

பதினேழு பதினெட்டு வயது, மாத்திரை போட்டால் நடக்கும், இல்லையென்றால் படுக்கும்: ஓய்வுப் பண்ணை இதற்கு ஆடம்பரம். மாத்திரைக்கும் அடங்காத வலி வரும் நாளை மருத்துவரோடு முன்பே பேசி வையுங்கள். நீங்கள் வெளிநாட்டில் இருந்தால் சம்மதம் சொல்லும் அதிகாரம் யாருக்கு என்று எழுதியும் கொடுங்கள்.

ஐந்து வயது, உடம்பு பழுதில்லை, ஏறினால் தூக்கி எறிகிறது: இதுதான் கஷ்டமான கேஸ். முதலில் முதுகு, பல், வயிற்றுப்புண் மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். பந்தயக் குதிரைகளில் வயிற்றுப்புண் சர்வ சாதாரணம். சேணத்தை இறுக்கும்போது கடிக்க வருவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். வைத்தியம் பார்த்து, கைதேர்ந்த ஒருவரிடம் சில மாதம் விட்டுப் பாருங்கள். அப்படியும் மாறவில்லை என்றால் விற்பனைக் கடிதத்தில் 'ஆளை எறியும்' என்று தெளிவாக எழுதுங்கள். எழுதிய பிறகும் யாராவது கேட்டு வந்தால், விலை பேசுவதற்கு முன் அவருடைய லாயத்தை ஒருமுறை நேரில் போய்ப் பாருங்கள்.